ஃபோர் வீல் புடிக்கலன்னா உடனே டிரான்ஸ்ஃபர் கேஸை எறக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போடியில இருந்து மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு வேலையாளுங்களைக் கொண்டுபோற ஜீப்பு ஓட்டுறேன். தார் ரோடு முடிஞ்சு தோட்டத்து மண்பாதையில திரும்பிட்டா மழைநாள்ல ஃபோர் வீல் (நாலு சக்கரமும் சேந்து இழுக்கிறது) இல்லாம வண்டி ஏறாது, ஏறாட்டிக்கூட பரவால்ல, பாதி ஏத்தத்துல பின்னாடி வழுக்க ஆரம்பிச்சா உள்ள உக்காந்திருக்கிற பொம்பளைங்க உயிருக்கு யாரு பதில் சொல்றது.

எங்க பக்கம் ஃபோர் வீல் புடிக்கலன்னு ஒர்க்‌ஷாப்புக்குப் போனா லிவரை ரெண்டு ஆட்டு ஆட்டிப் பாத்துட்டு டிரான்ஸ்ஃபர் கேஸ் (பவரை முன் சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி) போச்சு, எறக்கணும்னு சொல்லிர்றாங்க. போன மழைக்கு என் வண்டிக்கும் அதையேதான் சொன்னாங்க, 30,000 ரூபாய்க்கு மேல ஆகும்னாங்க. கடைசியில ஹப்புக்கு, அதாவது முன் சக்கரத்தை ஆக்சிலோட சேக்குற பாகத்துக்குப் போற வேக்கம் ஓஸ் (காத்தை உறிஞ்சுற குழாய்) கிளிப்புக்கு அடியில வெடிச்சிருந்துச்சு. நேரா பாத்தா ஒண்ணும் தெரியாது, வளைச்சாத்தான் கீறல் வாயைத் தொறக்குது. ஒரு முழம் ரப்பர் ஓஸ்ல முடிஞ்சு போச்சு. தெனக்கூலி மாதிரி சம்பாதிக்கிறவன்கிட்ட இப்படித் தோராயமா சொல்லி பணம் கேக்குறது ரொம்பத் தப்புங்க.

டேஷ்போர்டுல லைட்டு எரியுதேன்னு சிலர் நம்பிர்றாங்க. பல வண்டியில அந்த லைட்டு டிரான்ஸ்ஃபர் கேஸ்ல கியர் விழுந்துச்சான்னு மட்டுந்தான் காட்டும், சக்கரம் வரைக்கும் பவர் போகுதான்னு காட்டாது. அதுக்கு வண்டியத் தூக்கித்தான் பாக்கணும். சமதரையில நிப்பாட்டி எஞ்சினை ஆஃப் பண்ணி பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை குடுத்து முன்னாடி ரெண்டு சக்கரத்தையும் ஸ்டாண்டுல ஏத்துங்க, வெறும் ஜாக்கிய நம்பி அடியில போகாதீங்க. டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து முன் ஆக்சிலுக்குப் போற ஷாஃப்டைக் கையால லேசா திருப்பிக்கிட்டே ஃபோர் வீல் லிவரைப் போடுங்க, இல்லன்னா பல்லு நேரா வராம வெளியவே நிக்கும். போட்டதுக்கப்புறமும் ஷாஃப்ட் சும்மா சுத்துச்சுன்னா கோளாறு லிவரை டிரான்ஸ்ஃபர் கேஸோட சேக்குற லிங்க்லயோ டிரான்ஸ்ஃபர் கேஸ்லயோ இருக்கு. இறுகி நின்னுச்சுன்னா டிரான்ஸ்ஃபர் கேஸைத் தொடவே வேணாம், ஹப்பைப் பாருங்க.

கையால திருப்புற லாக் ஹப்புன்னா ஃபோர் வீலை எடுக்காம ரெண்டு பக்கமும் லாக் பண்ணிட்டு ஒரு சக்கரத்தைச் சுத்துங்க, எதிர்ப் பக்கச் சக்கரம் தலைகீழா சுத்தணும். அசையலன்னா ஏதோ ஒரு பக்கம் ஹப்போ ஆக்சில் ஷாஃப்டோ விட்டுருச்சு. இதுல பல டிரைவருங்களுக்கே தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு, ஒரு பக்கம் விட்டாலே முன்னாடி ரெண்டு சக்கரமும் இழுக்காது, ஏன்னா ரெண்டு சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்கிற டிஃபரன்ஷியல் பவரையெல்லாம் லேசா சுத்துற பக்கத்துக்கே தள்ளிவிட்டுரும். ஹப்பைக் கழட்டிப் பாத்தா பெரும்பாலும் சேத்துத் தண்ணி எறங்கி கிரீஸ் கெட்டியாகி ரிங்கு நகராம நிக்கும், வெளிய நாப் மட்டும் லாக்னு காட்டிக்கிட்டு இருக்கும்.

வேக்கம் ஹப்புன்னா ஹப்புப் பக்க ஓஸைக் கழட்டி எஞ்சினை ஓட விட்டு இன்னொருத்தர் ஃபோர் வீல் போடும்போது ஓஸ் வாயில வெரலை வைங்க. இழுக்கலன்னா பெரும்பாலும் ஃபியூஸ், சோலனாய்டு (கரண்டுல வேக்கத்தைத் தொறந்து மூடுற வால்வு), ஓஸ், இதுல ஒண்ணு. நல்லா இழுத்தும் ஹப்பு சேரலன்னா பெரும்பாலும் ஹப்போட சீல். டீசல் வண்டியில பிரேக் பூஸ்டருக்கும் அதே வேக்கம் பம்புதான், ஓஸ் பெருசா லீக் ஆனா பிரேக் பெடலும் கெட்டியாகலாம், அதனால இதைத் தள்ளிப்போடாதீங்க.

எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) போனா பிரேக்கு, லைட்டு, புகை எல்லாம் பாக்குறாங்க, முன் ஆக்சில் சேருதான்னு பாத்து நான் கண்டதில்ல. மலைப்பாதையில ஆள் ஏத்துற ஃபோர் வீல் வண்டிக்காவது இந்தச் சோதனைய கட்டாயமாக்கணும், ஐடிஐ பசங்களுக்கும் வண்டியத் தூக்கிவச்சு சொல்லித்தரணும்னு போக்குவரத்துத் துறைய உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி செஞ்சா ரொம்ப உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு ஜீப் டிரைவர்,
போடிநாயக்கனூர்.