செயலாளரின் ஆண்டறிக்கை: இளவேனிலும் கோடையும் வீட்டுக் காய்கறியும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். கூட்டங்களின் விவரம் குறிப்பேட்டில் இருக்கிறது; அதை இங்கே வாசித்து யாருடைய பொறுமையையும் சோதிக்கப் போவதில்லை. விதை போட்டதிலிருந்து கடைசிக் கொடியைப் பிடுங்கியது வரை நம் சங்கத்து வீட்டுத் தோட்டங்களில் இந்தப் பருவத்தில் எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்பதுதான் இந்த அறிக்கை.

முதலில் தக்காளி. அதிகப் புகார் வந்தது அதில்தான். செடி செழித்தது, கொத்துக் கொத்தாகப் பூத்தது, காய் மட்டும் நிற்கவில்லை. பூவை லேசாகத் தட்டினாலே காம்பின் நடுவிலுள்ள முட்டியில் முறிந்து கையோடு வந்தது. பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தார்கள் சிலர். சத்துக் குறைவு என்று யூரியா போட்டார்கள் சிலர். நோய் அங்கே இல்லை. பகல் வெப்பம் 32–35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 21–24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் நின்றால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கும். கருவுறாத பூவைச் செடியே உதிர்த்துவிடும். அந்த நேரத்தில் தழைச்சத்தை (நைட்ரஜனை) கூட்டினால் இலைதான் பெருகும்.

ஆகவே நாள்காட்டியில் மாதம் பார்த்து விதைப்பதை விட்டுவிட்டு, சூட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நாற்று தயாராக 25–30 நாள், நட்ட பின் பூக்க இன்னொரு 25–30 நாள். உங்கள் பகுதியில் இரவு வெப்பம் 24 டிகிரியைத் தொடும் வாரம் எது என்று முந்தைய ஆண்டுகளின் வானிலைப் பதிவைப் பார்த்து, அதற்கு 90 நாள் முன்பு விதை போட்டால் காய் பிடிக்க ஏறத்தாழ ஒரு மாதம் கிடைக்கும். அந்த ஒரு மாதக் கொத்துகள்தான் கோடைத் தக்காளி. பிறகு வருவதெல்லாம் லாபம். உறைபனி விழும் இடங்களில் எண்ணிக்கை வேறு மாதிரி: கடைசி உறைபனிக்கு 6–8 வாரம் முன்பு வீட்டுக்குள் விதைத்து, வெளியே நடும் முன் 7–10 நாள் பழக்க வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் வெயிலும் காற்றும் கூட்டிக்கொண்டே போவது. ஜன்னலோரம் வளர்ந்த நாற்றை ஒரேயடியாக வெயிலில் வைத்தால் இரண்டே நாளில் இலை வெள்ளைக் காகிதமாக வெளுத்துவிடும்.

காய் பிடித்த பிறகும் சூட்டின் வேலை முடிவதில்லை. கடும் வெப்பத்தில் சிவப்பு நிறமி சரியாக உருவாகாமல் காயின் தோள்பகுதி மஞ்சளாகவே நின்றுவிடும். நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து வீட்டுக்குள் நிழலில் வைத்தால் ஒழுங்காகப் பழுக்கும்.

அடுத்தது தண்ணீர். தினமும் ஊற்றியும் செடி வாடுகிறது என்று கேட்டவர்களின் தொட்டிகளைப் பார்த்தபோது பெரும்பாலும் ஒரே காட்சிதான். ஊற்றிய அரை நிமிடத்தில் அடித்துளையில் தண்ணீர் வருகிறது. நிறைந்துவிட்டது என்று குழாயை மூடிவிடுகிறார்கள். பக்கச் சுவரோரம் விரலை விட்டுப் பார்த்தால் தெரியும்: காய்ந்த தென்னை நார்க்கழிவு சுருங்கி, மண்ணுக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டிருக்கிறது. தண்ணீர் அந்தச் சந்து வழியாகவே இறங்கிப் போகிறது, வேர் இருக்கும் நடுப்பகுதி தூசியாகக் கிடக்கிறது. மேல்மண்ணைக் கிளறி, ஓரத்தை அழுத்தி மூடி, பத்து நிமிட இடைவெளியில் மூன்று தவணையாக ஊற்றினால் நடுப்பகுதி நனையும். சிறிய தொட்டியானால் தண்ணீர் நிறைந்த அகலமான பாத்திரத்தில் அரைமணி நேரம் உட்கார வைத்துவிடலாம்.

காய்க்கும் நிலையிலுள்ள தக்காளிக்கு 15 அங்குலச் செடி வளர்ப்புப் பையில் உச்சக் கோடையில் நாளுக்கு 2 முதல் 4 லிட்டர் வரை பிடிக்கும். காலையில் பாதி, மாலையில் பாதி. மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டுக் குழாயானால் வேளைக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம். 5 சென்டிமீட்டர் தடிப்பில் சருகு மூடாக்குப் போட்டால் தேவை கணிசமாகக் குறையும். தண்டை ஒட்டி மட்டும் மூடாக்கு வேண்டாம், அழுகும்.

தக்காளியின் அடிப்பகுதி கறுத்துக் குழிவதும் இதே தண்ணீர்ப் பிரச்சினைதான். காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. மண்ணில் அந்தச் சத்து இருந்தாலும், ஒருநாள் காய்ச்சலும் ஒருநாள் பாய்ச்சலுமாக இருந்தால் நீரோடு சேர்ந்து அது ஏறாது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டவர்கள் பலன் இல்லை என்று குறைப்பட்டார்கள். அது மட்கவே மாதக்கணக்காகும்.

மண் கலவையில் சங்கம் பரிந்துரைத்த விகிதம் மாறவில்லை: தோட்ட மண், நன்கு மட்கிய உரம், நார்க்கழிவு மூன்றும் சம அளவு. நார்க்கழிவைக் கழுவாமல் கலந்ததில்தான் இந்த ஆண்டு சில நாற்றுகள் இலை விளிம்பு கருகிப் போயின. உப்பு அதற்குள் இருக்கிறது. 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி ஒன்று ஊறினால் 60 லிட்டர் அளவுக்கு மேல் பருத்துவிடும். பெரிய தொட்டியில் ஊறவைத்து, வடிகிற நீர் தேநீர் நிறம் மாறித் தெளியும் வரை மூன்று நான்கு முறை அலச வேண்டும். அரைகுறையாக மட்கிய உரமும் ஆபத்து. அது பைக்குள் மட்கும்போது தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளடிக்கும். மாடியில் வைப்பவர்கள் கவனத்துக்கு: நனைந்த 15 அங்குலப் பை ஒன்று 30 கிலோவைத் தாண்டும். சுவரையும் உத்திரத்தையும் ஒட்டி வரிசையாக வையுங்கள். அடியில் செங்கல் கொடுத்தால் தளச்சூடு வேருக்கு ஏறாது.

நிழல்வலை பற்றி ஒரு வார்த்தை. காய்க்கும் செடிக்கு வெயிலில் 35 சதவீதத்தைத் தடுக்கும் வலை போதும். 50 சதவீதம் நாற்றுக்கும் கீரைக்கும். 75 சதவீத வலையை நாள் முழுக்கக் கட்டிவிட்டுக் கத்தரி காய்க்கவில்லை என்றால் கத்தரி என்ன செய்யும்?

கொடிகளில் பீர்க்கு, பாகல், சுரை மூன்றும் வெயிலைத் தாங்கி நின்றன. ஆண் பூவே பூக்கிறது என்ற கேள்வி வழக்கம்போல் வந்தது. முதலில் ஆண் பூ வருவது இயல்பு. நீண்ட பகலும் சூடும் மிகுந்த தழைச்சத்தும் ஆண் பூவைக் கூட்டும். பூவுக்குப் பின்னால் குட்டிப் பிஞ்சு ஒட்டியிருந்தால் அது பெண் பூ. தேனீ வராத மாடியில் நாம்தான் தூது போக வேண்டும், அதற்கும் நேரம் உண்டு. பூசணி, வெள்ளரி, பாகல் காலையில் மலர்பவை; 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். சுரை, பீர்க்கு, புடலை மாலையில் மலர்பவை. அன்று மலர்ந்த ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்துவிட்டு, மஞ்சள் நிற மகரந்தத் தூள் விரலில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால், பெண் பூவின் நடுமுடியில் சுற்றிலும் மென்மையாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் காய் கோணிக்கொள்ளும். மூன்று நாளில் பிஞ்சு பருத்தால் வேலை பலித்தது. மஞ்சளானால் மறு பூவுக்குக் காத்திருங்கள்.

பிஞ்சு நின்றதும் காகித உறை மாட்டுங்கள், பழ ஈ முட்டையிடுவதற்குள். சொத்தை விழுந்த காயை எருக்குழியில் போடுவது பழ ஈக்குத் தொட்டில் கட்டித் தருவது போல. புழு வெளியேறி மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகிறது. நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் வெயிலில் போட்டுவிடுங்கள்.

கத்தரியில் நுனிக்குருத்து மட்டும் தொங்கினால் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. தண்டைத் துளைக்கும் புழு உள்ளே இருக்கிறது. துளைக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, தண்டைப் பிளந்து புழுவை எடுத்துவிட்டீர்களா என்று உறுதி செய்யுங்கள். மிளகாயில் இலை சுருண்டால் உடனே மருந்தைத் தேடாமல் எந்தப் பக்கம் சுருண்டது என்று பாருங்கள். மேல்நோக்கிப் படகுபோல் மடங்கினால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். முன்னதற்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு மாலையில் தெளிக்கலாம். பின்னதற்கு நனையும் கந்தகம் (நீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2–3 கிராம். ஆனால் 32 டிகிரிக்கு மேல் வெயில் இருக்கும் நாளில் அடித்தால் இலை பொசுங்கும். எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடவே கூடாது. வெண்டையில் நரம்பு மஞ்சளோடிய செடியைக் காப்பாற்ற முடியாது, பிடுங்குங்கள். வெள்ளை ஈ அந்த நோயைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டு போகும். நல்ல வெண்டையை இரண்டு நாளுக்கு ஒருமுறை பறித்தே ஆக வேண்டும்.

முள்ளங்கி, கொத்தமல்லி, பட்டாணி ஆகியவை சூடு ஏறும் முன் முடிய வேண்டியவை. தாமதித்தவர்களுக்குப் பூவும் நாரும்தான் கிடைத்தது. தண்டுக்கீரையும் கொத்தவரையும் யார் வீட்டிலும் ஏமாற்றவில்லை.

விதை வங்கி. பெயரும் தேதியும் இல்லாமல் வந்த பொட்டலங்களை இனி ஏற்பதில்லை என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. வெங்காய விதையை ஓராண்டுக்கு மேல் நம்ப வேண்டாம். தக்காளி, கத்தரி விதை உலர்வாக வைத்தால் நான்கு ஆண்டு வரை தாங்கும். சந்தேகம் என்றால் 20 விதையை ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். 14-க்குக் குறைவாக முளைத்தால் நெருக்கமாக விதைக்க வேண்டும், பத்துக்கும் கீழே போனால் புதிது வாங்க வேண்டும். கலப்பின ரகத்தின் விதையை எடுத்துத் தராதீர்கள், தாயைப் போலப் பிள்ளை வராது.

இரவலாகக் கொண்டுபோன, நாற்று வளர்க்கும் குழித்தட்டுகளில் பல இன்னும் திரும்பவில்லை. திரும்பியவற்றில் சில பழைய மண்ணோடு வந்தன. நாற்றழுகல் அப்படித்தான் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போகிறது. சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, ஒருநாள் முழு வெயிலில் காயவைத்து, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்