அரியாலையிலிருந்து வந்த இரண்டு செய்திகள்

தமிழ் நாளிதழ்களின் நெல்லைப் பதிப்பு ஆசிரியர்களுக்கும், தொலைக்காட்சிச் செய்திப் பிரிவுகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

2023 டிசம்பரில், சென்னைத் தொலைக்காட்சி ஒன்றின் சிறுவர் பாட்டுப் போட்டியில் யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த சிறுமி முதல் பரிசு பெற்றாள். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவே அன்றிரவு விழித்திருந்து பார்த்தது. நானும் கண் கலங்கினேன். நீங்களும் மனமாரக் கொண்டாடினீர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அதே அரியாலையில் சித்துப்பாத்தி மயானம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அங்கே கட்டட வேலைக்கு மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. மே மாதம், நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அகழ்வு தொடங்கியது. செப்டம்பருக்குள் இருநூறுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் குழந்தைகளுடையவையும் உண்டு. ஒரு நீல நிறப் புத்தகப்பை, பொம்மை, பால் புட்டி ஆகியவையும் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. இதுதான் செம்மணி. 1996-ல் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியைச் சிப்பாய்கள் சோதனைச்சாவடியில் மறித்துக் கொன்ற இடம். அந்த வழக்கில் தண்டனை பெற்ற சிப்பாய் ஒருவர், முந்நூறு நானூறு பேர் அங்கே புதைக்கப்பட்டிருப்பதாக 1998-ல் நீதிமன்றத்திலேயே சொன்னார். 1999-ல் தோண்டி, 15 உடல்களை எடுத்ததோடு நிறுத்திவிட்டார்கள். மறுபடி மண்வெட்டி விழக் கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

2025 ஜூலையில் ஒரு நாள் காலை, கோபாலசமுத்திரத்தில் ஒரு டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமில் வசிக்கும் ஓர் அம்மா பால் வாங்க வந்தவர், என் கையில் பேப்பரைப் பார்த்துவிட்டு நின்றார். “ஐயா, செம்மணிச் செய்தி ஏதும் போட்டிருக்கிறார்களா?” என்று கேட்டார். அவருடைய பெரியம்மா மகன் 1996-ல் காணாமல் போனவர். நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். ஒரு நடிகரின் படப் பாடல் வெளியீட்டுக்கு அரைப் பக்கம் இருந்தது. செம்மணிக்கு ஒரு வரிகூட இல்லை. “பரவாயில்லை ஐயா, போனில் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிப் பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பேப்பரை மடித்து வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

நெல்லைச் சீமை இப்படி இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போரின்போது கொழும்பில் நேச நாட்டுப் படைகளுக்காக நடந்த வானொலி, போர் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. அந்த இலங்கை வானொலிதான் எங்கள் பிள்ளைப் பருவம். திருநெல்வேலிக்கு 1963-லேயே சொந்தமாக ஒரு வானொலி நிலையம் வந்துவிட்டது; ஆனாலும் களக்காட்டில் என் அப்பாவின் சைக்கிள் கடையில் முள் கொழும்பிலேயேதான் நிற்கும். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களின் பெயர்கள் எங்கள் வாத்தியார்களின் பெயர்களைப் போலப் பழகியிருந்தன. வந்தது பாட்டு மட்டுமல்ல. மரண அறிவித்தலும் வரும். “சுன்னாகத்தைப் பிறப்பிடமாகவும் கொக்குவிலை வதிவிடமாகவும் கொண்ட” என்று குரல் தொடங்கினால், அப்பா பஞ்சர் ஒட்டுகிற கையை நிறுத்திவிடுவார். அவர் கடலைத் தாண்டியவர் இல்லை. சுன்னாகத்தில் அவருக்கு யாரும் கிடையாது. ஆனாலும் அங்கே ஒரு சாவு என்றால் அவருக்கு அது சாவுதான்.

இலங்கையில் உள்நாட்டுப் போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயர்கள் உங்கள் பக்கங்களில் எப்போது வருகின்றன? ஆண்டுக்கொருமுறை நினைவு நாளில் வருகின்றன. ஒரு நடிகரோ பாடகரோ யாழ்ப்பாணம் போனால் வருகின்றன. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம், இடையில் எத்தனையோ தாய்மார்கள் மகனைக் காணாமலே இறந்துபோன பிறகும் தொடர்ந்ததை நம் ஊரில் எத்தனை பேர் அறிவார்கள்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று தமிழ்நாடு அரசு 2021-லேயே மாற்றிவிட்டது. இங்கேயே பிறந்து இங்கேயே படித்த பிள்ளையை இன்னமும் தலைப்பில் ‘அகதி’ என்று எழுதாதீர்கள்.

சினிமாப் பக்கத்தைக் குறைக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. பாட்டு வழியாகத்தான் எங்களுக்கே யாழ்ப்பாணம் தெரிந்தது. வாரத்தில் ஒரு நாள், கால் பக்கம், இலங்கையின் வடக்கு கிழக்குச் செய்திகளுக்கென்று ஒதுக்குங்கள். நெல்லைப் பதிப்புக்கு ஒரு நிருபரை அதற்கென்றே பொறுப்பாக்குங்கள்.

செம்மணியில் கிடைத்த துணிகளையும் பொருட்களையும் 2025 ஆகஸ்டில் நீதிமன்ற உத்தரவுப்படி மக்கள் பார்வைக்கு வைத்தார்கள், யாராவது அடையாளம் சொல்வார்கள் என்று. கோபாலசமுத்திரத்து அம்மா அங்கே போய் வரிசையில் நிற்க முடியாது. நீதிமன்றம் வெளியிட அனுமதிக்கிற விவரங்களையாவது, இன்ன நிறச் சட்டை, இன்ன அளவுச் செருப்பு என்று, நீங்கள் அச்சிடுங்கள். காலையில் பால் வாங்க வரும்போது அவர் அதைப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
நாற்பது ஆண்டுகளாக உங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை