தூக்கம் வராத நண்பனுக்கு

கும்பகோணம்,
புரட்டாசி 20.

அன்பு நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. கைப்பேசியில் நான்கு வரியில் முடித்துவிடாமல் ஆறு பக்கம் கைப்பட எழுதியிருக்கிறாய் என்பதிலேயே உன் மனநிலை எனக்குப் புரிந்துவிட்டது. உன்னிடம் வேலை பழகியவர் இன்று உனக்கே மேலாளராகிவிட்டார் என்பதும், ஆண்டு முழுவதும் உழைத்தும் அப்ரைசலில் உனக்கு நடுத்தர மதிப்பீடே கிடைத்தது என்பதும் வருத்தம் தரும் செய்திகள்தாம். ஆனால், இரவு இரண்டு மணிக்கு எழுந்து அவர் எத்தனை மணிக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார் என்று பார்ப்பதாக எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரிதான் என்னை உடனே பேனாவை எடுக்க வைத்தது. ஓராண்டுக்கு முன் நானும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் வங்கியில் காலை எட்டரை மணிக்கு மண்டல அலுவலகத்திலிருந்து காணொளி அழைப்பு வரும். முந்தைய நாள் எவ்வளவு நகைக்கடன் கொடுத்தோம், எவ்வளவு வைப்புத்தொகை திரட்டினோம், எத்தனை காப்பீட்டுப் பாலிசி விற்றோம் என்று ஒவ்வொரு கிளை மேலாளரும் எல்லார் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும். பத்து மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் வந்துவிடும். இலக்கை எட்டிய கிளை பச்சை, எட்டாத கிளை சிவப்பு. இதில் என் கையில் இருப்பது என்ன என்று நீயே யோசித்துப் பார். மேட்டூரில் ஜூன் 12-ஆம் நாள் தண்ணீர் திறந்தால் குறுவைச் செலவுக்கு மக்கள் நகையை எடுத்துக்கொண்டு வருவார்கள். திறக்காவிட்டால் அந்தக் கடன் இல்லை. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு, ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்காமல் போட்டுவைத்தால், அடகு வைத்த நகையை மீட்க ஒருவரும் வரமாட்டார். அணையையும் வானத்தையும் நம்பியிருக்கும் ஊரின் கிளையை, ஆலைகளும் கடைகளும் நிறைந்த வேறோர் ஊரின் கிளையோடு ஒரே பட்டியலில் வைத்துத்தான் நிறம் அடிக்கிறார்கள்.

சென்ற ஆண்டு தொடர்ந்து மூன்று மாதம் சிவப்பு. நான்காம் மாதம் பச்சைக்கு வந்தேன். எப்படி வந்தேன் என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வந்த ஒரு முதிய அம்மாவிடம், பத்தாண்டு பிரீமியம் கட்ட வேண்டிய பாலிசியை, அதுவும் வைப்புத்தொகையைப் போன்றதுதான் என்ற தோரணையில் பேசி விற்றேன். பொய் சொல்லவில்லை, முழுவதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மாலையில் குழுவில் கைத்தட்டும் படங்கள் வந்து குவிந்தன. அன்றிரவிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போயிற்று. பத்து நாள் கழித்து அவர் வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் விளக்கி, திருப்பிக் கொடுப்பதற்கான கெடு முடிவதற்குள் அந்தப் பாலிசியை ரத்து செய்ய வைத்தேன். பட்டியலில் மறுபடி சிவப்பு விழுந்தது. தூக்கம் மட்டும் திரும்பவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் தஞ்சாவூர்ப் பேருந்தில் போகும்போது நெஞ்சு படபடத்து, பாபநாசத்தில் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்று சொன்ன மருத்துவர், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். சோர்வு, வேலையின் மீது வெறுப்பும் விலகலும், எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதைத்தான் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ‘பர்ன்அவுட்’ என்ற, வேலை சார்ந்த நிலை என்று வரையறுத்தது. அதை ஒரு நோய் என்று அது சொல்லவில்லை. அவர் இதைச் சொன்னபோது எனக்குப் பாதி பாரம் இறங்கியது. குற்றம் முழுவதும் என் மனத்தில் இல்லை, வேலை அமைந்திருக்கும் விதத்திலும் இருக்கிறது என்று ஒருவர் சொல்லிக் கேட்பதே மருந்துதான்.

பின்னர் ஒரு பயிற்சி வகுப்பில் ராபர்ட் கரசெக் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1979-இல் எழுதியதைப் பற்றிக் கேட்டேன். வேலை மிகுதியாக இருப்பது மட்டும் மனிதனை நசுக்குவதில்லை. வேலை மிகுதியாகவும், அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் அழுத்தம் மிகக் கடுமையாகிறது என்பது அவர் கருத்து. வகுப்பில் உட்கார்ந்தபடியே என் தந்தையை நினைத்துக்கொண்டேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடையில் எங்களுக்கு இருந்த இரண்டு மா நிலத்துக்கு, கல்லணையில் திறந்த தண்ணீர் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்பது அவர் கையில் இல்லை. ஆனால் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டால், எந்த வயலுக்கு முதலில் பாய்ச்சுவது, எப்போது நாற்றைப் பறிப்பது என்பதெல்லாம் அவர் தீர்மானம். என்னைவிடப் பல மடங்கு கவலை இருந்தும் திண்ணையில் படுத்தவுடன் அவருக்குக் குறட்டை வந்துவிடும்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. முறை வைத்துத் தண்ணீர் விட்ட நாட்களில், பக்கத்து வயல்காரர் இரவில் வந்து மடையைத் திருப்பிவிடுவார் என்று அரிக்கேன் விளக்கோடு காவல் இருந்ததையும், இருவரும் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்றதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே மனிதர், எங்கள் நாற்றங்கால் மழையில் அழுகிய ஆண்டு, தமக்கு மிஞ்சிய நாற்றைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து எங்கள் வரப்பில் போட்டுவிட்டுப் பேசாமல் போனார். எங்கள் பட்டியலில் நாற்றுக் கொடுக்க இடமில்லை.

அதனால்தான் ஒரு காரியம் செய்தேன். இதே ஊரில் எங்கள் வங்கியின் மற்றொரு கிளை மேலாளர் எப்போதும் பச்சையில் இருப்பவர். ஓர் அரிசி ஆலையின் கணக்கை என்னிடமிருந்து தட்டிக்கொண்டு போனவர் என்பதால் இரண்டாண்டுகளாக அவரோடு எனக்குப் பேச்சே இல்லை. மகாமகக் குளத்தருகே ஒரு டீக்கடையில் அவரைப் பார்த்தபோது நானே போய்ப் பேசினேன். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதாகவும், அந்த எட்டரை மணி அழைப்பை நினைத்தாலே வயிறு கலங்குவதாகவும் அவர் சொன்னார்! இப்போது என் நகை மதிப்பீட்டாளர் விடுப்பில் போனால் அவருடையவரை அனுப்புகிறார். அவருக்கு ஆள் குறைந்தால் நான் அனுப்புகிறேன். போட்டி போய்விடவில்லை. ஆனால் அவருடைய எண்களை நான் இரவில் பார்ப்பதில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நிறுவனத்தில் பெல் கர்வ் முறை என்று எழுதியிருக்கிறாய். இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் நடுவில், இத்தனை பேர் கீழே என்று இடங்களை முதலில் ஒதுக்கிவிட்டு ஆட்களைப் பிறகு அடைத்தால், உன் உழைப்புக்கும் அந்த மதிப்பீட்டுக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு? மைக்ரோசாஃப்ட் நிறுவனமே இந்த முறையை 2013-இல் கைவிட்டது. நாம் படித்த கல்லூரியில்தான் ராமானுஜன் கணிதத்தைத் தவிர மற்றதைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தார் என்று பேராசிரியர்கள் ஆண்டுதோறும் சொல்வார்களே, அதைச் சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். நாம் இருவரும் ராமானுஜன் இல்லை. நீ செய்யக்கூடியது சிறியது. புதிய மேலாளரிடம் தனியாக நேரம் கேட்டு, எந்தப் பணிகளில் உன் முடிவே இறுதி என்பதை எழுத்தில் தெளிவுபடுத்திக்கொள். அவர் உன்னிடம் பழகியவர். மறுப்பது அவருக்கும் எளிதல்ல. கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதாதே, வீட்டுக் கடன் இன்னும் பதினோர் ஆண்டு இருக்கிறது. தூக்கம் இப்படியே கெட்டால் மருத்துவரைப் பார். அதற்கும் தயக்கமாக இருந்தால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். படுக்கப் போகும்போது கைப்பேசியை வேறு அறையில் வை. எனக்கு அதைச் செய்யவே மூன்று வாரம் ஆயிற்று.

தீபாவளிக்கு முன் ஒரு சனி, ஞாயிறு இங்கே வந்துவிடு. உழவன் விரைவு ரயிலில் ஏறினால் விடியற்காலையில் இறங்கிவிடலாம்; நிலையத்துக்கு நான் வருகிறேன். திருத்துறைப்பூண்டிக்குப் போய்ச் சம்பா நடவைப் பார்த்துவிட்டு வரலாம். திங்கட்கிழமை மட்டும் எட்டரை மணிக்கு என்னைக் கொஞ்சம் தனியே விட வேண்டும். இந்த மாதமும் சிவப்புதான்.

உன்
பழைய அறைத்தோழன்