கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். உன் கடிதமும் வழக்கு மனுவின் வரைவும் வந்து சேர்ந்தன. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாததால் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீயே வழக்காடப் போவதாக எழுதியிருக்கிறாய். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வரைவின் மூன்றாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. "இந்தக் குறைபாடு எதிர்வாதிக்கு முன்பே தெரியும்" என்று எழுதியிருக்கிறாயே, அவருக்குத் தெரியும் என்பது உனக்கு எப்படித் தெரியும்?

அந்த நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளில் 11ஆம் விதியைப் படித்துப் பார். மனுவில் இடும் கையெழுத்து, இயன்றவரை விசாரித்த பிறகே இதை எழுதினேன் என்ற உறுதிமொழியாகும். வழக்கறிஞர் இல்லாமல் வருபவரையும் அது கட்டுப்படுத்தும். ஆதாரம் இன்னும் கைக்கு வராத செய்தியை எழுதக்கூடாது என்பதில்லை. மேலும் விசாரித்தால் ஆதாரம் கிடைக்கக்கூடும் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு எழுதலாம். உன் மூன்றாம் பக்க வாக்கியத்தை அப்படித் திருத்திவிடு.

நீ ஆதாரமாகக் காட்டும் முன்தீர்ப்புகளின், அதாவது பழைய வழக்குகளின் தீர்ப்புகளின், பட்டியல்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. அவை எல்லாம் உண்மையில் உள்ளவைதானா? 2024 பிப்ரவரியில் மிசௌரி மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், தானே வழக்காடிய ஒருவர் காட்டிய 24 தீர்ப்பு மேற்கோள்களில் இரண்டு மட்டுமே உண்மையானவை. குறைந்த கட்டணத்தில் இணையவழியாக ஒருவரிடம் எழுதி வாங்கியதாகவும், அதில் செயற்கை நுண்ணறிவு பயன்பட்டது தமக்குத் தெரியாது என்றும் அவர் மன்னிப்புக் கேட்டார். மேல்முறையீடு தள்ளுபடியானது, எதிர்த்தரப்பின் வழக்குச் செலவுக்காக 10,000 டாலர் கட்ட உத்தரவாயிற்று. கடுமையான தொகைதான், ஆனாலும் நியாயம் என்றே நினைக்கிறேன். இல்லாத தீர்ப்பைத் தேடித் தேடி, அது இல்லை என்று உறுதி செய்வதற்கு எதிர்த்தரப்பு செலவிட்ட நாட்களை வேறு யார் ஈடுசெய்வது?

2023இல் நியூயார்க்கில் நீதிபதி கெவின் காஸ்டெல், சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார். அந்தப் பொய்த் தீர்ப்புகளை எழுதியதாகக் காட்டப்பட்ட ஒவ்வொரு நீதிபதிக்கும் கடிதம் அனுப்பவும் உத்தரவிட்டார். மன்னிப்புக் கேட்கும்படி மட்டும் சொல்லவில்லை. கட்டாயத்தின் பேரில் கேட்பது மனமார்ந்த மன்னிப்பாகாது என்பது அவர் கருத்து. தொகையைவிட அந்தக் கடிதங்களே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன. யாருடைய பெயர் கெட்டதோ அவரிடமே போய்ச் சொல்லியாக வேண்டுமல்லவா?

உண்மையாகவே தவறிப்போனவனுக்கு 11ஆம் விதி வழி வைத்திருக்கிறது. 1983 முதல் பத்தாண்டுகள், மீறல் என்று கண்டால் நீதிமன்றம் தண்டனை விதித்தே தீர வேண்டியிருந்தது. 1993இல் அதை நீதிபதியின் முடிவுக்கு விட்டார்கள். எதிர்த்தரப்பு அபராதம் கோரி மனு கொடுக்கும் முன் உனக்கு அதன் நகலை முறைப்படி சேர்ப்பித்துவிட்டு 21 நாள் காத்திருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். அதற்குள் தவறான பகுதியைத் திரும்பப் பெற்றால் அந்த மனு தாக்கலாகாது. நீதிமன்றம் தானாகவே கேள்வி எழுப்பினால் இந்த அவகாசம் கிடையாது. ஆகவே அதை நம்பி இருக்காதே.

நீ காட்டியிருக்கும் ஒன்பது தீர்ப்புகளின் முழு வாசகத்தையும் தரவிறக்கி எனக்கு அனுப்பு. இருவரும் ஒவ்வொன்றாகப் படிப்போம். வாசகம் கிடைக்காததை இப்போதே அடித்துவிடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்