இரண்டு பக்கம் எடுத்தால் கேஸ் ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தில்லி மயூர் விஹாரிலிருந்து எழுதுகிறேன். இங்கே நம்மவர்கள் நடத்தும் ஒரு சின்ன நூலகத்துக்குப் பதினைந்து வருடமாகப் போய் வருகிறேன். போன மாதம் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. என் அம்மா பாடிய தாலாட்டு ஒன்று எனக்குப் பாதிதான் நினைவிருந்தது, அந்த நூலகத்தில் 1961-ல் அச்சான ஒரு நாட்டுப்பாடல் தொகுப்பில் அதைப் பார்த்த ஞாபகம் வந்து ஓடினேன். புத்தகத்தைப் புரட்டினாலே அப்பளமாக நொறுங்குகிறது, ஓரமெல்லாம் பூச்சி அரித்த ஓட்டை. இரண்டு பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "காப்பிரைட் இருக்கும்மா, ஒரு பக்கம்கூட எடுக்கக் கூடாது, கேஸ் ஆயிடும்" என்று நூலகர் தம்பி தடுத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பும் அதையேதான் சொல்கிறது.

ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லையே! 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில், சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் எடுத்துக்கொள்வது மீறல் ஆகாது என்று இருக்கிறது. நூலகங்களுக்கென்றே தனியாகவும் இடம் விட்டிருக்கிறார்கள். இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத புத்தகம் என்றால், லாப நோக்கில்லாத பொது நூலகம் தன் உபயோகத்துக்கு மூன்று பிரதி வரை எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் 2012-ல் வந்த திருத்தத்தின்படி, அச்சுப் பிரதி கையில் இருந்தால் அதைப் பாதுகாக்க ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரிலும் வைத்துக்கொள்ளலாம். பார்வையில்லாதவர்கள் கேட்கும்படி ஒலி வடிவில் மாற்றித் தருவதற்கும் அதே திருத்தம் வழி செய்திருக்கிறது.

இதே தில்லியில்தான் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாதிரியான பெரிய பதிப்பகங்கள் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடைமேலும் பல்கலைக்கழகத்தின்மேலும் 2012-ல் வழக்குப் போட்டன. பாடம் நடத்தத் தேவையான அளவு நகலெடுப்பது மீறல் ஆகாது என்று 2016-ல் உயர் நீதிமன்றம் சொன்னது, அடுத்த வருடம் பதிப்பகங்களே வழக்கை வாபஸ் வாங்கிவிட்டன. அது வகுப்பறைக்கான விதி, நூலகத்துக்கு அப்படியே பொருந்தாது, சரி. ஆனாலும் நகல் என்றாலே திருட்டு என்று நினைக்கிறவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்க வேண்டும்.

எழுத்தாளர் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. போன வாரம் வெளியான நாவலை முழுசாக ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது தப்புதான், அதை எங்கள் குழுவிலேயே நான் கண்டித்திருக்கிறேன். எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை அவர் குடும்பத்துக்கு இருக்கட்டும். ஆனால் கடையிலும் கிடைக்காமல், மறுபதிப்பும் வராமல், அலமாரியில் ஒற்றைப் பிரதியாக உதிர்ந்துகொண்டிருக்கிற புத்தகத்தைக் காப்பிரைட் பயத்தில் தொடாமல் வைத்திருந்தால் யாருக்கு என்ன லாபம்?

இந்த 52-ஆம் பிரிவை எளிய தமிழில் விளக்கி உங்கள் இதழில் ஒரு பக்கம் போடுங்கள், அதை நானே எடுத்துக்கொண்டு போய் நிர்வாகக் குழுவிடம் காட்டுகிறேன். ஜூலையில் இங்கே மழை பிடித்துவிட்டால் அந்த அலமாரிப் பக்கம் சுவர் ஓதம் காக்கும், அதற்குள் ஸ்கேன் செய்தாக வேண்டும். அன்றைக்குத் தாலாட்டைக் கையால்தான் எழுதிக்கொண்டு வந்தேன். கடைசி இரண்டு வரி இல்லை, பக்கத்தின் அடி ஓரம் ஏற்கெனவே உதிர்ந்திருந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயூர் விஹார், தில்லி