செம்மறியாட்டின் வலிக்கும் மருந்து வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காயடித்தல், கொம்பு நீக்குதல் போன்றவற்றைப் பதிவுபெற்ற கால்நடை மருத்துவரே, மயக்க மருந்து கொடுத்த பிறகே செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2023-இல் விதி வகுத்தது. வரவேற்க வேண்டிய விதி. ஆனால் அறுவை முடிந்த பிறகு ஆடு படும் வலியை நாம் இன்னும் பொருட்படுத்தவில்லை என்பதை, தென் மாவட்டங்களில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் தெரிவிக்க விரும்புகிறேன்.

குட்டி குறுக்கே கிடந்து ஈன முடியாமல் தவிக்கும் தாயாட்டுக்கு இடது விலாவில் லிக்னோகெயின் ஊசி போட்டு, அந்த இடம் மரத்ததும் வயிற்றைத் திறந்து குட்டியை எடுக்கிறோம். ஓரிரு மணி நேரத்தில் மரப்பு விட்டுவிடும். தையல் போட்ட இடத்தின் வலி அதன் பிறகுதான் தெரியத் தொடங்கும். அப்போதும் செம்மறி கத்துவதில்லை. வேட்டை விலங்குக்கு அஞ்சியே வாழ்ந்து பழகிய இனம் என்பதால் வலியை வெளிக்காட்டாமல் நிற்கும். கண்கள் பாதி மூடியிருப்பதையும், காதுகள் தொங்குவதையும், அசைபோடாமல் நிற்பதையும், பால் குடிக்க வரும் குட்டியை ஒதுக்குவதையும் கவனித்தால்தான் புரியும். இத்தகைய முகக்குறிகளைக் கொண்டு செம்மறியின் வலியை மதிப்பிடும் அளவுகோலை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டனர். மந்தை மேய்த்துக் கிடை போடும் கீதாரிகளுக்கு இந்தக் குறிகள் புதியவை அல்ல. அவர்கள் கேட்கும்போது கொடுக்க நம்மிடம் மருந்து இருப்பதில்லை என்பதே என் வருத்தம்.

பியூட்டார்பனால், புப்ரெனார்பின் போன்ற ஓபியாய்டு (அபின் வகை வலி நீக்கி) மருந்துகள் இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவை. பியூட்டார்பனாலின் பலன் சில மணி நேரமே நிற்கும் என்பதால் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். அளவு மிகுந்தால் ஆடு அமைதியிழந்து அலையும். என்றாலும் இவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் சைலசின் என்ற மயக்க மருந்தின் அளவைக் குறைக்க முடிகிறது என்பது பெரிய நன்மை. சைலசின் குதிரைக்குத் தேவைப்படும் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அசைபோடும் கால்நடைகளுக்குப் போதுமானது. செம்மறிகளில் சைலசின் நுரையீரலில் நீர் கோக்கச் செய்து மூச்சுத்திணறலை உண்டாக்குவதும் உண்டு. லிக்னோகெயினிலும் கவனம் தேவை. 20 கிலோ எடையுள்ள குட்டிக்கு 2 சதவீதக் கரைசலில் சுமார் 5 மில்லியைத் தாண்டாமல் இருப்பதே பாதுகாப்பு. மிகுந்தால் வலிப்பு வரும்.

மார்பின், புப்ரெனார்பின் முதலியவை 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. மயக்க மருந்தான கெட்டமின் 2011-இலும் வலி நீக்கியான டிரமடால் 2018-இலும் அதில் சேர்க்கப்பட்டன. இந்தக் கட்டுப்பாடு தேவையானதே. தவறான கைகளுக்கு இம்மருந்துகள் போய்விடக் கூடாது. ஆனால் பதிவேடும் பூட்டிய அலமாரியும் பராமரிக்கக்கூடிய கால்நடை பன்முக மருத்துவமனைகளிலாவது இவற்றை இருப்பு வைப்பதற்குத் தடை இருக்கக் கூடாது.

சிற்றூர் மருந்தகங்களுக்கு மெலாக்சிகாம் என்ற வலி நீக்கி ஊசி தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். பிணந்தின்னிக் கழுகுகள் அழியக் காரணமான டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006-இல் தடை வந்தது. மெலாக்சிகாமால் அந்தக் கழுகுகளுக்குத் தீங்கில்லை. காயடிப்பதற்கு முன்பே இதைப் போட்டுவிட்டால் குட்டி விரைவில் மேய்ச்சலுக்குத் திரும்பும். கால்நடை பராமரிப்புத் துறை அடுத்த மருந்துக் கொள்முதல் பட்டியலிலேயே இவ்விரு வகை மருந்துகளையும் செம்மறியாட்டுக்கென ஒதுக்கி, அளவும் இடைவெளியும் குறித்த பயிற்சியைக் களத்தில் உள்ள உதவி மருத்துவர்களுக்கு அளிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
விருதுநகர் மாவட்டம்.