தொட்டிக் கூடத்துக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

வளர்ப்பு மீன்களின் தீவனத்தையும் குடல் நலத்தையும் பற்றிய என் ஆய்வு ஒருவழியாக முடிந்துவிட்டது. நெறியாளர், நிதி கொடுத்தவர்கள், குழுவினர் எல்லோருக்கும் ஆய்வேட்டில் முறைப்படி நன்றி சொல்லிவிட்டேன். அங்கே அரை வரி கூடக் கிடைக்காதவர்களுக்குத்தான் இந்த மடல். பெயர் போடாதே என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில், தொட்டிகளைச் சுத்தம் செய்த அண்ணன்.

சால்மன் குஞ்சுகளின் தீவனத்தில் மீன்தூளைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் சோயாப் புரதத்தையும் கோதுமைப் புரதத்தையும் சேர்த்திருந்தேன். கடலில் பிடித்த மீனை அரைத்து வளர்ப்பு மீனுக்குப் போடுவதைக் குறைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்ப்பேன். எடை நன்றாகவே ஏறியது. மெத்தியோனின், லைசின் என்ற அமினோ அமிலங்களின் கணக்கும் சரியாக இருந்தது. மகிழ்ச்சியில் மிதந்துகொண்டிருந்தேன்.

தொட்டியில் வேறொன்றும் மிதந்துகொண்டிருந்தது. "தம்பி, மூணு தொட்டியில மட்டும் கழிவு அடியில தங்காம மேல வருது. வெளுத்துப்போயும் இருக்கு" என்றார் அண்ணன். காற்றுக் குமிழி ஒட்டியிருக்கும் என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். மறுநாள் காலையில் என் மேசைமேல் ஒரு கண்ணாடிக் குடுவை. உள்ளே தண்ணீர், மேலே மிதக்கும் வெள்ளைக் கழிவு. ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போயிருந்தார். மூன்று தொட்டிக்கும் ஒரே தீவனம் போகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சில மீன்களை அறுத்துப் பார்த்தோம். இரைப்பையை ஒட்டிக் கொத்தாக இருக்கும் குடற்பைகள் வெள்ளைவெளேரென்று வீங்கியிருந்தன. எல்லாம் கொழுப்பு. தீவனத்திலுள்ள கொழுப்பைக் குடல் செல்கள் உறிஞ்சிக்கொண்டால் மட்டும் போதாது, அதைப் பொட்டலம் கட்டி உடலுக்குள் அனுப்பவும் வேண்டும். அந்தப் பொட்டலத்தின் மேலுறைக்குக் கோலின் என்ற சத்து தேவை. மீன்தூளில் கோலின் இயல்பாகவே இருக்கும். நான் மீன்தூளைக் குறைத்தபோது கோலினும் சேர்ந்து குறைந்துவிட்டது. இது சால்மன் வளர்ப்பில் ஏற்கெனவே தெரிந்த சிக்கல்தான், நானும் படித்திருக்கிறேன். ஆனாலும் எடைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் தண்ணீரைப் பார்க்கத் தோன்றவில்லை. கோலின் சேர்த்துத் திரும்பவும் சோதித்தபோது கழிவு அடியில் தங்கியது. அன்றைக்கு அண்ணன் முகத்தில் இருந்த சிரிப்பு, தேர்வுக் குழு கைகுலுக்கியபோதுகூட என் முகத்தில் இருந்திருக்காது.

அடுத்து, ஸ்லைடு அறை அக்கா. மீன் செத்த சில நிமிடங்களிலேயே குடல் தன்னைத்தானே செரிக்கத் தொடங்கிவிடும், அதனால் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் உடனே குடலைப் போட வேண்டும். நான் சாவகாசமாகப் போட்ட முதல் தொகுதியை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "இது நோய் இல்லை, உன் சோம்பேறித்தனம்" என்றார். அப்புறம் என் பக்கத்திலேயே நின்று, 5 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவுவதிலிருந்து சாயமேற்றுவது வரை எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வைத்தார். சாதாரண சோயாத் தூள் தின்ற சால்மனின் பின்குடலில் மடிப்புகள் குட்டையாகி அழற்சி வரும், சோயாவிலுள்ள சப்போனின்தான் அதில் முக்கியக் குற்றவாளி. பாடத்தில் ஒரு வரியாக இருந்த அந்த மாற்றத்தைப் பார்த்ததும் சொல்லும் அளவுக்கு என் கண்ணைப் பழக்கியவர் அவர்தான்.

புள்ளியியல் நண்பருக்கு ஒரு மன்னிப்பும் சேர்த்து. ஒரு தொட்டியில் 30 மீன் இருந்தால் 30 தரவு என்று நான் அடித்துப் பேசினேன். ஒரே தண்ணீர், ஒரே தீவனம், அதனால் தொட்டிதான் ஒரு தரவு என்று அவர் பொறுமையாக மூன்று முறை விளக்கினார். 90 என்று நினைத்திருந்த எண் 3 ஆனபோது கோபம்தான் வந்தது. சரி, அவர் சொன்னதுதான் சரி.

ஆக்சிஜன் அலாரம் அடித்த அந்த நள்ளிரவில் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்த இரண்டு தம்பிகளுக்கும் நன்றி. ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் இந்த மடலே இருந்திருக்காது. பெயர் தெரியாத அந்த மதிப்பீட்டாளருக்கும் நன்றி, அவருடைய கேள்விகளால் ஒரு வருடம் போனது என்றாலும். வீட்டில் மீன் வாடையைச் சகித்துக்கொண்டவர்களுக்குத் தனியாக, நேரில் சொல்கிறேன்.

அண்ணா, அடுத்த மாதம் புதிய சோதனை தொடங்குகிறது. இந்த முறை மீன்தூளுக்குப் பதிலாகக் கருப்புப் படைவீரர் ஈ என்ற பூச்சியின் புழுத்தூள். குடுவை என்னிடம்தான் இருக்கிறது, கழுவி வைத்திருக்கிறேன். முதல் நாள் காலையிலேயே தொட்டிப் பக்கம் சேர்ந்து போகலாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி